ரேடியோவுக்குத் தனி எர்த் குழி போடலாமா?

கேள்வி இது: தமிழ்நாட்டில் இரண்டு தளக் கான்கிரீட் வீடு. மாடி அறையில் 100 வாட் எச்.எஃப். டிரான்ஸீவர் (சிற்றலையில் பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ). மொட்டை மாடியில் 9 மீட்டர் ஜி.ஐ. குழாய் மாஸ்ட், அதில் 40 மீட்டர் அலைக்கு இன்வர்டட் வீ (நடுவில் தூக்கி இரு பக்கமும் சரிந்த டைபோல் கம்பி ஆன்டெனா), பக்கத்தில் 2 மீட்டர் அலைக்கு ஒரு வெர்டிகல் (செங்குத்து ஆன்டெனா). வீட்டு எர்த்தில் இரைச்சல் வருகிறது, ரேடியோவின் உடலைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. அதனால் வீட்டு எர்த்தோடு சேராமல் ரேடியோவுக்கு மட்டும் புதுக் குழி போட்டு, பவர் சப்ளை பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். செய்யலாமா?

புதுக் குழி போடுங்கள், அது நல்லதுதான். ஆனால் அதை வீட்டு எர்த்திலிருந்து பிரித்து விடாதீர்கள். எர்த் பின்னைக் கழற்றவே கழற்றாதீர்கள். இந்தியாவில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நிலையங்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் மிக ஆபத்தானது இந்தத் "தனி எர்த்"தான். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

3 மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு கம்பியை 100 ஓம்-மீட்டர் தடை உள்ள சாதாரண மண்ணில் அடித்தால் கிடைப்பது ஏறத்தாழ 33 ஓம். சூத்திரத்தில் போட்டாலும் அதுதான் வரும், நல்ல மீட்டரில் அளந்தாலும் அதையொட்டித்தான் வரும். ஒரு மின்னலின் முதல் வீச்சில் பாயும் உச்ச மின்னோட்டம் பாதி மின்னல்களில் 30 கிலோ ஆம்பியரைத் தாண்டும். 30,000-ஐ 33-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 லட்சம் வோல்ட். அவ்வளவு வேகத்தில் மண்ணுக்குள்ளேயே பொறி பாய்வதால் உண்மையில் ஓரளவு குறையும். குறைந்தாலும் அது லட்சக் கணக்கில்தான் நிற்கும். ஆக, மின்னலை எர்த் குழி "விழுங்கிவிடும்" என்ற நினைப்பு தவறு. அந்த நொடியில் குழியே லட்சம் வோல்ட்டுக்கு எழும்பிவிடும்.

இப்போது இரண்டு குழிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்ட்டில் விழுந்த மின்னல் ரேடியோ குழியை மேலே தூக்குகிறது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டு எர்த் குழி ஏறக்குறைய சுழியத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் உலோக உறை ஒரு பக்கம், 230 வோல்ட் ஒயர் மறுபக்கம், இடையில் உங்கள் டிரான்ஸீவரும் பவர் சப்ளையும். எர்த் பின்னைக் கழற்றினாலும் அந்த வித்தியாசம் எங்கும் போகாது. பவர் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மர் காப்பைப் பிளந்துகொண்டு பாயும். மைக்கைக் கையில் பிடித்திருந்தால் பாதை உங்கள் வழியாக.

மின்னல் மாஸ்ட்டில் விழ வேண்டும் என்பதும் இல்லை. தெருக்கோடியில் மின்கம்பத்தில் விழுந்தால் சர்வீஸ் ஒயர் வழியாக அதே கதை தலைகீழாக நடக்கும்: வீட்டுப் பக்கம் எழும்பும், ரேடியோ குழி கீழே நிற்கும். வெறும் 1 கிலோ ஆம்பியர் வந்தாலே 33 ஓம் குழியில் 33,000 வோல்ட். நம் ஊரில் ரேடியோக்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே வீட்டிலுள்ள எல்லா உலோகமும் எல்லா எர்த்தும் ஒன்றாகப் பிணைந்து, எழும்பினால் ஒன்றாக எழும்பி, இறங்கினால் ஒன்றாக இறங்க வேண்டும். வித்தியாசம் இல்லாத இடத்தில் மின்னோட்டம் பாயாது. குழியின் ஓம் எவ்வளவு என்பது இதற்கு அடுத்த கேள்வி. 2 ஓமில் இரண்டு தனிக் குழிகள் இருப்பதைவிட, 20 ஓமில் பிணைத்த ஒரே அமைப்பு ரேடியோவைக் காக்கும்.

முதலில் வீட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு மின்வாரியம் கம்பத்திலிருந்து தருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் வீட்டுக்காரர் பொறுப்பு. இதன் விளைவை நிறையப் பேர் யோசிப்பதில்லை. உங்கள் குழி 30 ஓம் என்றால், ஃபேஸ் ஒயர் பவர் சப்ளை உடலில் பட்டாலும் பாய்வது 230 வகுத்தல் 30, அதாவது 7.7 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. ரேடியோவின் உடல் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில் உயிரோடு நிற்கும். இதிலிருந்து காப்பாற்றுவது, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான், கடையில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். அது இல்லாத வீட்டில் ஆன்டெனாவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டின் உலோகமெல்லாம் ஷாக் அடிக்கும்.

எர்த்தைச் சோதிக்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை எரித்துக் காட்டுவது வழக்கம். அதில் ஒன்றும் தெரியாது. எரியும்போது அந்தப் பல்பின் தடை 529 ஓம். குழி 50 ஓம் இருந்தாலும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. பல்பு பளிச்சென்றுதான் எரியும். எர்த் டெஸ்ட்டர் கொண்டு மூன்று முனை முறையில் அளக்கச் சொல்லுங்கள்: குழியிலிருந்து 30 மீட்டரில் மின்னோட்ட ஆணி, அதே கோட்டில் 62 சதவீதத்தில், அதாவது 18.6 மீட்டரில், வோல்ட் ஆணி. வோல்ட் ஆணியை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினால் அளவு மாறக்கூடாது. மாறினால் ஆணிகள் போதிய தூரத்தில் இல்லை. அளக்கும்போது குழியை மற்ற இணைப்புகளிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். அதனால் மெயினை அணைத்துவிட்டு, வானம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

தொட்டால் சுரீர் என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். உடலுக்கு எர்த் இல்லையென்றால் அது நடுவில் மிதந்து 115 வோல்ட் அளவில் நிற்கும். நீங்கள் உணர்வது அதுதான். உங்கள் சாக்கெட்டில் எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்கு இது அறிகுறி. பின்னைக் கழற்றுவது வியாதியை அதிகமாக்கும்.

இப்போது புதுக் குழி. மாஸ்ட்டிலிருந்து இறங்கும் பட்டை தரையைத் தொடும் இடத்துக்கு நேர் கீழே போடுங்கள். 17.2 மில்லிமீட்டர் கனம், 250 மைக்ரான் செம்பு பூச்சு, 3 மீட்டர் நீளமுள்ள எஃகு கம்பிகள் சுலபமாகக் கிடைக்கும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஒன்றுக்கொன்று 3 மீட்டருக்குக் குறையாமல், இடம் இருந்தால் 6 மீட்டர் தள்ளி அடியுங்கள். நெருக்கி அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், கம்பிக்குக் கொடுத்த காசு வீண். ஆள் நடமாட்டம் உள்ள வாசல், கேட், அடிபம்பு பக்கத்தில் வேண்டாம். பட்டை இறங்கும் இடத்திலிருந்து 3 மீட்டருக்குள் மழை நேரத்தில் யாரும் நிற்கக்கூடாது.

உப்பும் கரியும் போட்ட பழைய பாணிக் குழி வேலை செய்யும். ஆனால் உப்பு மழையில் கரைந்து போகும், போகும் முன் ஜி.ஐ. குழாயை அரித்துவிடும். பென்டோனைட் களிமண் விலை கூடினாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கம்பியையும் அரிக்காது. கரிசல் மண்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை: ஈரத்தில் அருமையாக இருக்கும் கரிசல், கோடையில் வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிடும். மின்னலோ கோடை மழையோடு சரியாக அந்தச் சமயத்தில்தான் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை இருந்தால் 3 மீட்டர் இறங்காது. அங்கே அரை மீட்டர் ஆழத்தில் வீட்டைச் சுற்றிப் பட்டையைப் படுக்க வைத்துப் புதைப்பதுதான் வழி. மின்னல் காப்புக்கு 10 ஓமுக்குக் கீழே என்பது சர்வதேச மின்னல் காப்புத் தரமான ஐ.இ.சி. 62305 பரிந்துரைக்கும் அளவு. அது கிடைக்கவில்லை என்பதற்காகப் பிணைப்பு வேலையை நிறுத்தாதீர்கள்.

இந்தக் கம்பிகளையும் வீட்டின் பழைய எர்த் குழியையும் 25-க்கு 6 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டையால், அல்லது 50 சதுர மில்லிமீட்டர் வெற்றுச் செம்பால், வீட்டுக்கு வெளியே அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து இணையுங்கள். இதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான பாகம். தோண்டக் கஷ்டம் என்று பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். வீட்டுக்குள் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை ஒயர் வழியாக "ஏற்கெனவே சேர்ந்துதானே இருக்கிறது" என்பது போதாது. அப்படிச் சேர்ந்திருந்தால் மின்னல் உங்கள் சுவருக்குள் ஓடுகிறது என்று பொருள்.

மண்ணுக்குள் சோல்டர் இணைப்பு வேண்டாம். ஒரே வீச்சில் உருகிவிடும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், அல்லது உலோகப் பொடியைப் பற்றவைத்து உருக்கி ஒட்டும் எக்ஸோதெர்மிக் வெல்டிங் செய்யுங்கள். செம்பையும் ஜி.ஐ.யையும் நேருக்கு நேர் தொடவிட்டால் ஈரத்தில் துத்தநாகப் பூச்சு கரைந்து, பிறகு இரும்பு துருப்பிடிக்கும். இடையில் ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்து, இறுக்கிய பின் தார் பூசுங்கள். ஒயர் முனையில் மாட்டும் லக்கைப் பெயின்ட் மேல் வைத்து முடுக்கியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு வைக்க வேண்டும்.

மாடியிலிருந்து இறங்கும் பட்டைக்கு 25-க்கு 3 ஜி.ஐ. போதும், 50 சதுர மில்லிமீட்டர்தான் குறைந்தபட்ச அளவு. கனத்தைவிட நேராக இறங்குவது முக்கியம். நேரான ஒயருக்கும் இண்டக்டன்ஸ், அதாவது திடீரென எழும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம், மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி உண்டு. மைக்ரோ நொடிக்கு 10 கிலோ ஆம்பியர் வேகத்தில் எழும் மின்னோட்டத்துக்கு 10 மீட்டர் பட்டையின் இரு முனைக்கும் நடுவே 1 லட்சம் வோல்ட் இருக்கும், எர்த் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். கைப்பிடிச் சுவரைத் தாண்ட வைக்கும் கூர்மையான மடிப்பில்தான் பொறி சுவருக்குத் தாவும். வளைவு 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது. ஒற்றைப் பட்டை 10 மீட்டர் இறங்கினால், பக்கத்திலுள்ள பிணைக்காத உலோகத்திலிருந்து காற்றில் 40 சென்டிமீட்டர், சுவர் வழியாக என்றால் 80 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். டி.டி.எச். டிஷ், சோலார் தாங்கி, கொடிக்கம்பி ஆகியவை அந்த எல்லைக்குள் வந்தால் நகர்த்துங்கள், அல்லது பட்டையோடு பிணையுங்கள். டி.டி.எச். கேபிள் எந்த எர்த்தும் இல்லாமல் நேராக டி.வி.க்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள்; அதையும் கீழே சொல்லும் தகடு வழியாகக் கொண்டு வருவதே சரி.

மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளில் மாஸ்ட்டைக் கட்டிவிட்டால் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி நல்ல எர்த்தாக இருக்க முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசோனாவின் வறண்ட மண்ணில் ஆயுதக் கிடங்குகளுக்கு அமெரிக்கப் பொறியாளர் ஹெர்பர்ட் யூஃபர் செய்து காட்டியது அதைத்தான். ஆனால் உங்கள் தூணில் கம்பிகள் மேலிருந்து அடித்தளம் வரை தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்பது கொத்தனார் கட்டுக்கம்பி போட்ட விதத்தைப் பொறுத்தது. ஐ.இ.சி. கேட்பது மேலிருந்து கீழ் வரை 0.2 ஓமுக்கு மிகாத தடை. அளந்து பார்க்காமல் நம்பினால், விட்டுப்போன இடத்தில் பொறி பாய்ந்து கான்கிரீட்டில் உள்ள ஈரம் ஆவியாகித் தூண் வெடிக்கும். வெளியே தனிப் பட்டை இறக்குங்கள்; தூண் கம்பியையும் அதோடு பிணையுங்கள், துணையாக மட்டும்.

அடுத்தது நுழைவுத் தகடு. 30-க்கு 20 சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு செம்புத் தகடு. வீட்டுக்குள் போகும் ஒவ்வொரு கேபிளும், அதாவது கோஆக்ஸ், ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் ஒயர், லேன் எதுவானாலும், இந்த ஒரே இடத்தில் உறை எர்த் ஆகி, அரெஸ்ட்டர் (மின்னல் வீச்சை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) கடந்து உள்ளே போக வேண்டும். சிறந்த இடம் தரைமட்டத்தில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். மாடியிலிருந்து கேபிளைக் கீழே இறக்கி மறுபடி மாடி அறைக்கு ஏற்றுவது வேடிக்கையாகத் தோன்றும். 16 மீட்டர் கூடுதல் ஆர்.ஜி.213 கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டர் அலையில்) குறையும் சிக்னல் சுமார் கால் டெசிபெல். எதிர் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. 145 மெகாஹெர்ட்ஸில் (2 மீட்டர் அலையில்) ஒன்றரை டெசிபெல் வரை போகும். உள்ளூர் ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) அதுவும் பொருட்டல்ல. கொடுப்பது இவ்வளவுதான், கிடைப்பது மின்சாரமும் ஆன்டெனாவும் ஒரே இடத்தில் எர்த் ஆகும் வாய்ப்பு.

அது முடியவே முடியாது என்றால் தகட்டை மாடி அறையின் வெளிச்சுவரில் வையுங்கள். ஆனால் அப்போது ரேடியோவுக்கு மின்சாரம் தரும் சாக்கெட் போர்டின் எர்த்தும் அதே தகட்டுக்கு வர வேண்டும், அந்தப் போர்டிலும் ஒரு சர்ஜ் காப்பான் (திடீர் மின் வீச்சைத் தடுக்கும் கருவி) வேண்டும். ரேடியோ, பவர் சப்ளை, கணினி, மோடம் எல்லாம் அந்த ஒரே போர்டிலிருந்து. கணினி மட்டும் எதிர்ச்சுவர் சாக்கெட்டில் இருந்தால் யு.எஸ்.பி. கேபிள்தான் பிணைப்பு ஒயராக வேலை பார்க்கும். அதைத் தாங்கும் கனம் அதற்கு இல்லை. தகட்டிலிருந்து மேசைக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு. மேசைக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையில் ஒவ்வொரு கருவியும் தனித்தனிச் சிறு ஒயரால். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாலை கோத்தாற்போல் போட வேண்டாம்.

மெயின் போர்டில் வைக்கும் சர்ஜ் காப்பான், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருக்க வேண்டும். வீட்டுக்காரரே எர்த் போடும் நம் முறைக்கு ஏற்றது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டர் (வோல்ட் ஏறினால் கடத்தும் பாகம்), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கேஸ் டியூப் (வோல்ட் ஏறினால் உள்ளே பொறி பாயும் வாயுக் குழல்) என்ற அமைப்பு. "1+1" என்று குறித்திருக்கும். மாஸ்ட் உள்ள வீட்டுக்கு டைப் 1+2 (நேரடி மின்னலையும் ஒயரில் வரும் வீச்சையும் தாங்கும் வகை) வாங்குங்கள். இணைக்கும் ஒயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்கு மேல் போனால் காப்பான் இருந்தும் பயன் பாதிதான். காரணம் மேலே சொன்ன அதே மைக்ரோ ஹென்றி.

கோஆக்ஸ் அரெஸ்ட்டரில் உள்ள கேஸ் டியூப்புக்கு வோல்ட் தேர்வு உண்டு. 100 வாட், 50 ஓமில் உச்ச வோல்ட் 100. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பொருத்தம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அளவு) 3 ஆனால் 173. எனவே 230 வோல்ட் டியூப் சரி. 400 வாட்டில் அதே எஸ்.டபிள்யூ.ஆருக்கு 346 வரும், அங்கே 600 வோல்ட் தேவை. 90 வோல்ட் டியூப் போட்டால் நீங்கள் பேசும்போதே அது பற்றிக்கொள்ளும். எந்த டியூப்பும் பற்றுவதற்குள் சில நூறு வோல்ட்டை உள்ளே விட்டுவிடும். ரிசீவரின் முன்பகுதிக்கு அதுவே அதிகம்.

ஆகவே கழற்றி வைப்பதற்கு மாற்று இல்லை. ஆனால் எங்கே கழற்றுவது? மேசையில் கழற்றி முனையை ஜன்னலோரம் போடுவதும் கண்ணாடிப் பாட்டிலுக்குள் செருகுவதும் தவறு. அவ்வளவு தூரம் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்குப் பாட்டில் ஒரு தடையா? வெளியே தகட்டில் கழற்றி, ஆன்டெனா பக்க முனையைத் தகட்டிலேயே உள்ள எர்த் செய்த சாக்கெட்டில் மாட்டுங்கள். கூடவே 230 வோல்ட் பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்குங்கள். ஆன்டெனாவை மட்டும் கழற்றுவது பாதி வேலை. இடி கேட்ட பிறகு இதைச் செய்யப் போகாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடி என்றால் அது 10 கிலோமீட்டரில் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைமேல் விழலாம். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.டி.எம். வெளியிட்ட தாமினி செயலி சுற்றுவட்டார மின்னலைக் காட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேசி முடித்ததும் கழற்றுவதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரைச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் எர்த் குழிக்கும் தொடர்பு குறைவு. மாடியிலிருந்து தரைக்கு 10 மீட்டர் எர்த் ஒயர் இறக்கினால், 7 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ கால் அலை நீளம். கீழே எர்த், மேலே திறந்த முனை போல நடந்துகொள்ளும். ரேடியோ அலைக்கு அது எர்த்தே அல்ல, இன்னொரு ஆன்டெனா. டைபோலுக்கு எர்த் தேவையும் இல்லை. கேபிள் உறையின் வெளிப்புறம் ஓடும் மின்னோட்டத்தை நிறுத்தினால் இரைச்சலும், பேசும்போது மைக் சுரீர் என்று கடிப்பதும் சேர்ந்து போகும்: 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஆர்.ஜி.58 கேபிளை 12 சுற்று சுற்றி ஃபீட் முனையில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்) ஒன்று, தகட்டுக்கு முன் ஒன்று.

"இ.எஸ்.இ." என்ற பெயரில், ஒரே முனை வைத்தால் தெருவையே காக்கும் என்று விற்கும் இடிதாங்கிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பரந்த எல்லையை ஐ.இ.சி. 62305 ஏற்பதில்லை.

மார்ச் மாதம், கோடை மழைக்கு முன், எல்லா நட்டுகளையும் முடுக்கி, குழியை அளந்து, எண்ணைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். அருகில் மின்னல் விழுந்த ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கேஸ் டியூப்பை மாற்றுங்கள். அது ஷார்ட் ஆகிப் போனால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறி உங்களுக்குத் தெரிந்துவிடும். திறந்து போனால் மல்டிமீட்டரிலும் தெரியாது, ரேடியோவும் எப்போதும்போல வேலை செய்யும், காப்பு மட்டும் இருக்காது.